ஏழைக் கைதிக்கு வக்கீல் எதற்கு?

கடவுள் முன்னிலையில் எல்லோரும் சமம் என்று சொல்லாத மதம் உலகத்தில் இல்லை. சட்டத்தின் முன்னிலையில் எல்லோரும் சமம் என்று சொல்லாத சர்க்காரும் இன்று அனேகமாக இல்லை. முதல் வாக்கியத்தைச் சொல்லுகிறவர்களை நாம் என்ன கேட்டு வந்திருக்கிறோம்? "அப்படியானால் கர்ப்பக்கிரகத்துக்குள் நிற்கிறவன் யார், வாசலுக்கு வெளியே நிற்கிறவன் யார்?" என்று கேட்டு வந்திருக்கிறோம். அதே கேள்வியை இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லுகிறவர்களிடமும் கேட்க வேண்டாமா? கோயில் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு கோர்ட்டுப் பொய்யைக் கும்பிடுகிறவனைப் பகுத்தறிவுவாதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கு அமெரிக்கா தேசத்தை எடுத்துக் கொள்ளுவோம். அது அடிமைகளும் மூடர்களும் நிறைந்த தேசம் என்பதற்காக அல்ல. சுதந்திரம், சுதந்திரம் என்று உலகத்துக்கே பாடம் சொல்லுகிற தேசம் என்பதற்காகத்தான். பணமும் படிப்பும் விஞ்ஞானமும் மிகுந்த அந்தத் தேசத்திலேயே ஏழைக்குச் சட்டம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், மற்ற இடத்துக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்றால் என்ன?

ஹேபியஸ் கார்ப்பஸ் என்பது லத்தீன் பாஷை. நம் ஐகோர்ட்டுகளில் ஆட்கொணர்வு மனு என்று வழங்குவது இதைத்தான். "நீ அடைத்து வைத்திருக்கும் ஆளைக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று காரணம் சொல்" என்று ஜட்ஜு ஜெயில் அதிகாரிக்குப் போடும் உத்தரவு அது. இங்கிலாந்தில் 1679ஆம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதியபோது, கலகமோ படையெடுப்போ நேர்ந்து பொது ஜனங்களின் பாதுகாப்புக்கு அவசியமானாலொழிய இந்த உரிமையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, 1867இல், மாகாண ஜெயில்களில் இருப்பவர்களும் மத்திய சர்க்கார் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டத்தை விரித்தார்கள்.

ஆகவே இன்று அங்கே ஒரு மாகாணக் கோர்ட்டு ஒருவனுக்குத் தண்டனை கொடுத்து, அப்பீலும் தோற்றுப்போனால், "என்னை விசாரித்த விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம், போலீஸ் சாட்சியத்தை மறைத்தது, எனக்குக் கொடுத்த வக்கீல் ஒன்றுமே செய்யவில்லை" என்று அவன் மத்தியக் கோர்ட்டில் ஹேபியஸ் மனுப் போடலாம். கடைசிக் கதவு அதுதான்.

கதவு இருக்கிறது. வாஸ்தவம். அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள். அதுவும் ஒரு அளவுக்கு வாஸ்தவம். ஆனால் அந்தக் கதவை அடைவதற்குள் உள்ள வழி எப்படிப்பட்டது, வழிகாட்டுகிறவன் யார் என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

பென்சிலால் எழுதிய மனு

வக்கீல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு மனிதனின் கதையே போதுமான பதிலாகும்.

கிளாரென்ஸ் ஏர்ல் கிதியன் என்பவர் பரம ஏழை. எட்டாவது வகுப்புக்கு மேல் படிக்காதவர். 1961இல் புளோரிடா மாகாணத்தில் பனாமா சிட்டி என்னும் ஊரில் ஒரு விளையாட்டுக் கொட்டகையை உடைத்துத் திருடினார் என்று அவரைப் பிடித்தார்கள். அவர் கோர்ட்டில் நின்று, "எனக்கு வக்கீல் வைக்கப் பணமில்லை, கோர்ட்டார் ஒருவரை நியமிக்க வேண்டும்" என்று கேட்டார். மரண தண்டனைக் கேசுகளில்தான் அப்படி நியமிக்க இந்த மாகாணச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று ஜட்ஜு சொல்லிவிட்டார். கிதியன் தமக்குத் தாமே வாதாடினார். சாட்சிகளை என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. 5 வருஷம் ஜெயில் கிடைத்தது.

ஜெயிலிலிருந்து அவர் முதலில் புளோரிடா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஹேபியஸ் கார்ப்பஸ் மனுப் போட்டார். தள்ளிவிட்டார்கள். பிறகு ஜெயில் காகிதத்தில் பென்சிலால் எழுதி வாஷிங்டனில் உள்ள சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே அதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதும் அந்த ஜட்ஜுகள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கிதியனுக்காகப் பேசுவதற்கு ஏப் போர்ட்டாஸ் என்னும் பேர்போன வக்கீலை நியமித்ததேயாகும். பின்னால் அந்தக் கோர்ட்டிலேயே ஜட்ஜாக ஆனவர் அவர். அதாவது, "ஏழைக்கு வக்கீல் வேண்டுமா, வேண்டாமா?" என்ற கேள்வியை விசாரிப்பதற்குக்கூட வக்கீல் இல்லாமல் முடியாது என்பதை அவர்கள் தங்கள் செய்கையாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!

1963 மார்ச்சு 18ஆம் தேதி எல்லா ஜட்ஜுகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சர்க்கார் வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் கிதியனை மறுபடி விசாரித்தார்கள். அதே ஊர், அதே குற்றம், அதே ஜட்ஜு. ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார். அவர் முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, கிதியன் குற்றவாளியல்ல என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

முதல் விசாரணையில் இல்லாத கடவுள் கிருபை இரண்டாம் விசாரணையில் வந்து குதித்ததா? தலைவிதியை யாராவது அழித்து எழுதினார்களா? ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்த ஒரு மனிதன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

பாதியில் விட்ட நியாயம்

நிற்க, இவ்வளவு பெரிய தீர்ப்புச் சொன்ன தேசத்தில் ஹேபியஸ் மனுப் போடும் கைதியின் நிலைமை என்ன?

விசாரணையில் வக்கீல் உண்டு. முதல் அப்பீலிலும் உண்டு. அதற்குப் பிறகு இல்லை. தண்டனைக்குப் பின் போடும் இப்படிப்பட்ட மனுக்களுக்கு வக்கீல் பெற அரசியல் சட்டப்படி உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1987இல் சொல்லிவிட்டது. மரண தண்டனைக் கைதிக்குங்கூட அரசியல் சட்டத்தில் அந்த உரிமை இல்லை என்று 1989இல் சொல்லிற்று.

ஆனால் முற்றிலும் இல்லை என்று சொன்னால் நாம் பொய் சொன்னவர்களாவோம். 1964இல் ஏழைக் குற்றவாளிகளுக்கு மத்தியக் கோர்ட்டில் வக்கீல் கொடுப்பதற்காக ஒரு சட்டம் வந்தது. 1970இல் அதைத் திருத்தி, நியாயத்தை உத்தேசித்து அவசியம் என்று ஜட்ஜு நினைத்தால் ஹேபியஸ் கைதிக்கும் வக்கீல் நியமிக்கலாம் என்று சேர்த்தார்கள். மரண தண்டனை பெற்றவன் மத்தியக் கோர்ட்டுக்கு வந்தால் கட்டாயம் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1988இல் காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. சாட்சிகளை வரவழைத்து விசாரிக்க வேண்டும் என்று ஜட்ஜு தீர்மானித்தாலும் வக்கீல் கொடுத்தாக வேண்டும். மற்ற கைதிகளுக்கெல்லாம், அதாவது மிகப் பெரும்பாலோருக்கு, ஜட்ஜின் மனம் போல.

ஜட்ஜின் மனம் எந்த வழியில் போகிறது? அதைத்தான் வாசகர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கைதி எழுதுகிறான்: "ஐயா, நான் ஏழை, சட்டம் படிக்காதவன், எனக்காக ஒரு வக்கீலை நியமிக்க வேண்டும்." ஜட்ஜு பெரும்பாலும் இரண்டு சங்கதிகளைப் பார்க்கிறார். ஒன்று, இந்த வழக்கு ஜெயிக்கக் கூடியதா? இரண்டு, வழக்கின் சிக்கலை உத்தேசிக்கும்போது இவன் தன் கட்சியைத் தானே எடுத்துச் சொல்லக் கூடியவனா?

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இவை இரண்டையும் எதைக்கொண்டு பார்க்கிறார்? வக்கீல் இல்லாமல் அந்தக் கைதியே எழுதிய மனுவைக்கொண்டு பார்க்கிறார்! மனு கோணலும் மாணலுமாக, தலையும் வாலும் இல்லாமல் இருந்தால், "இதில் ஜெயிக்கத் தக்க விஷயம் ஒன்றும் காணவில்லை, ஆகவே வக்கீல் தேவையில்லை" என்று சொல்லிவிடலாம். கைதி இராப்பகலாகப் படித்து, விஷயத்தை ஒழுங்காகப் பிரித்து, தெளிவாக எழுதிவிட்டானோ, "ஆகா, இவன் தன் கட்சியை நன்றாகவே சொல்லுகிறானே; ஆகவே வக்கீல் தேவையில்லை" என்று சொல்லிவிடலாம். இரண்டுக்கும் நடுவில், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் எழுத அதிர்ஷ்டம் பெற்றவனுக்குத்தான் வக்கீல் போலும்!

நோயாளி ஒருவன் வைத்தியரைப் பார்க்க வருகிறான். வாசற்காரன் அவனை நிறுத்தி, "உனக்கு என்ன வியாதி என்று வைத்திய சாஸ்திர முறைப்படி எழுதிக்கொடு" என்கிறான். எழுதத் தெரியாவிட்டால், "உனக்கு வியாதியே இல்லை, போ" என்கிறான். சரியாக எழுதிவிட்டால், "நீயே வைத்தியனாக இருக்கிறாய், உனக்கு வைத்தியர் எதற்கு, போ" என்கிறான். இப்படி ஓர் ஆஸ்பத்திரி இருந்தால் அதைத் தர்ம ஆஸ்பத்திரி என்போமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்போமா?

எல்லா ஜட்ஜும் இப்படித்தான் செய்கிறார் என்று நாம் சொல்லவில்லை. மனுவை இரக்கத்தோடு படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தானே எழுதும் கைதியின் மனுவை வக்கீல் எழுதியது போல் கடுமையாகப் பார்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 1972இல் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு மனிதனின் விடுதலை இந்த ஜட்ஜு இரக்கமுள்ளவரா, அந்த ஜட்ஜு இரக்கமுள்ளவரா என்பதில் தொங்குமானால், அதற்குப் பெயர் உரிமையல்ல, பிச்சை.

சட்டம் என்னும் மந்திரம்

சரி, மனுவில் என்ன கஷ்டம், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது, தோழர்களே, போதாது.

முதலில், ஒவ்வொரு குறையையும் மாகாணக் கோர்ட்டில் சொல்லி முடித்திருக்க வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாமல் விட்டிருந்தால் இங்கே வாய் திறக்க முடியாது. 1996 ஏப்ரல் மாதம் வந்த சட்டத்தின்படி, சாதாரணமாகத் தீர்ப்பு முடிவானதிலிருந்து 1 வருஷத்துக்குள் மனு வந்து சேர வேண்டும். நடுவில் மாகாணக் கோர்ட்டில் முறைப்படி மனு நடந்துகொண்டிருந்தால் அந்த நாளைக் கழிக்கலாம். முறைப்படி இல்லாவிட்டால் கழிக்கக் கூடாது. எது முறை என்பதே ஒரு பெரிய சாஸ்திரம். ஒரு தடவை மனுப்போட்டுத் தோற்றால், இரண்டாம் தடவை போடுவதற்கு அப்பீல் கோர்ட்டில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி கிடைப்பது மிகவும் அரிது.

இவ்வளவையும் செய்ய வேண்டியவன் யார்? பூட்டிய அறைக்குள் இருக்கிறவன். சாட்சியைத் தேடிப் போக முடியாதவன். கேஸ் கட்டைக் காசு கொடுத்து வாங்க முடியாதவன். நிபுணரைக் கலந்து பேச முடியாதவன். பலர் சரியாக எழுதப் படிக்கவே தெரியாதவர்கள்.

ஒரு காலத்தில் ஜெயிலுக்குள் சட்டம் கற்ற ஒரு கைதி மற்றக் கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுத்தால் அதற்கே தண்டனை கொடுத்து வந்தார்கள். டென்னஸி மாகாணத்தில் அப்படித் தண்டிக்கப்பட்ட ஒரு கைதியின் வழக்கில்தான், வேறு உதவிக்கு வழி செய்யாமல் இதைத் தடுக்கக் கூடாது என்று 1969இல் தீர்ப்பு வந்தது. 1977இல், ஜெயில்களில் சட்டப் புஸ்தகசாலையாவது, சட்டம் பழகினவர்களின் உதவியாவது இருக்க வேண்டும் என்றார்கள். 1996இல் அதையும் சுருக்கி, புஸ்தகசாலை குறைவாயிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது, அதனால் உன் வழக்கு எப்படிக் கெட்டது என்று நீயே காட்ட வேண்டும் என்றார்கள். படிக்கப் புஸ்தகம் இல்லாதவன், புஸ்தகம் இருந்தால் என்ன படித்திருப்பான் என்று காட்ட வேண்டுமாம்!

புரோகிதன் நமக்கு என்ன செய்தான்? நம் தாய் தகப்பனுக்கு நாம் செய்யும் காரியத்தைக்கூட நமக்குத் தெரியாத பாஷையில் வைத்தான். மந்திரம் தெரிந்தவன் தான் ஒருவனே என்றான். ஒரு எழுத்துப் பிசகினால் பலன் இல்லை என்றான். ஒரு நாள் தவறினால் தோஷம் என்றான். ஹேபியஸ் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லத்தீன் பெயர், புரியாத பாஷை, நாள் தவறினால் தோஷம், எழுத்துத் தவறினால் பலன் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம் என்னவென்றால், புரோகிதனை வேண்டாமென்று துரத்திவிட்டு நாம் சௌக்கியமாக வாழலாம், வாழ்ந்தும் காட்டியிருக்கிறோம். கோர்ட்டை வேண்டாமென்று கைதி எங்கே போவான்?

நாள் தவறிய தோஷம்

நாள் தவறுவதைப்பற்றி நாம் மிகைப்படுத்துவதாக யாராவது நினைத்தால், இதைக் கேட்கட்டும்.

ஒஹையோ மாகாணத்தில் பவுல்ஸ் என்ற கைதி ஹேபியஸ் மனுவில் தோற்று, அப்பீல் செய்ய அவகாசம் கேட்டார். சட்டப்படி 14 நாள்தான் கொடுக்கலாம். ஜட்ஜு தவறுதலாக 17 நாள் என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்த உத்தரவை நம்பி, ஜட்ஜு சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே அப்பீல் போடப்பட்டது. 2007இல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? ஐந்து ஜட்ஜுகள் ஒரு பக்கமும் நான்கு ஜட்ஜுகள் ஒரு பக்கமுமாக நின்று, 14 நாள் கடந்துவிட்டது, அப்பீல் செல்லாது என்று தீர்த்துவிட்டார்கள். தப்புச் செய்தவர் ஜட்ஜு, தண்டனை கைதிக்கு! இத்தனைக்கும் அவருக்கு வக்கீல் இருந்தார். வக்கீல் இருந்தவனுக்கே இந்தக் கதியானால், காகிதமும் பென்சிலும் மாத்திரம் உள்ளவனின் கதி என்ன?

வக்கீல் கிடைத்தாலும் பெயரளவு வக்கீலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா மாகாணத்து ஒரு கேஸ் அத்தாட்சி. மரண தண்டனை பெற்ற ஒருவனின் முதல் வக்கீல் சாட்சியங்களைச் சரியாக விசாரிக்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் மாகாணம் கொடுத்த வக்கீல் அந்தக் குறையை எடுத்துக் காட்டவும் இல்லை. மத்தியக் கோர்ட்டு ஜட்ஜு சாட்சியங்களைக் கேட்டு, முறையான வக்கீல் உதவி இவனுக்குக் கிடைக்கவில்லை என்று கண்டு, மறுவிசாரணை நடத்து அல்லது விட்டுவிடு என்றார். 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஆறு ஜட்ஜுகள், மூன்று பேர் மறுத்தும், அந்தச் சாட்சியங்களைக் கேட்டதே தப்பு, இரண்டாவது வக்கீலின் குற்றம் கைதியின் குற்றமாகவே பாவிக்கப்படும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் சர்க்கார் தரப்போடு ஏற்பட்ட ஒரு உடன்பாட்டின்படி, குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு அவன் வெளியே வந்தான். அவன் வெளியே வந்தது உடன்பாட்டினாலேயொழிய, அந்தக் கடைசிக் கதவினால் அல்ல.

தகப்பன் செய்த பாவம் பிள்ளைக்கு, போன ஜன்மத்துப் பாவம் இந்த ஜன்மத்துக்கு என்று கர்ம சித்தாந்தம் பேசுகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். வக்கீல் செய்த பாவம் கட்சிக்காரனுக்கு என்பதும் அந்தச் சித்தாந்தத்தின் பேரப்பிள்ளைதான்.

ஒன்பது நாள்

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

வர்ஜீனியா மாகாணத்தில் ஏர்ல் வாஷிங்டன் என்று ஒரு கறுப்பர். புத்தி வளர்ச்சி குறைந்தவர். யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுகிற சுபாவம் உள்ளவர். வேறொரு காரியத்துக்காக 1983இல் அவரைப் பிடித்த போலீஸ், ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்ற பழைய கேசையும் அவரிடம் கேட்டது. ஆமாம் என்றார். கொல்லப்பட்டவள் கறுப்பா வெள்ளையா என்றதற்குக் கறுப்பு என்றார். கொல்லப்பட்டவளோ வெள்ளைக்காரப் பெண். ஆனாலும் அந்த "ஒப்புதல்" போதுமென்று 1984இல் மரண தண்டனை கொடுத்தார்கள். 1985 செப்டம்பர் 5ஆம் தேதி மின்சார நாற்காலி என்று நாளும் குறித்தார்கள்.

அப்பீல் முடிந்துவிட்டபடியால் அவருக்கு வக்கீல் இல்லை. தமக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்கக்கூடத் தெரியாத மனிதர் அவர். அவர் நிலையைக் கண்டு பதறியவர் ஒரு ஜட்ஜு அல்ல, மந்திரி அல்ல, பாதிரி அல்ல. அதே ஜெயிலில் அதே மரண தண்டனை பெற்று உட்கார்ந்திருந்த ஜோசப் ஜியாரட்டானோ என்ற கைதி. ஜெயிலிலேயே தாமாகச் சட்டம் படித்தவர். மரண தண்டனைக் கைதிகளுக்கு மாகாணம் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று அவர் மத்தியக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அந்த முயற்சியின் மூலமாக நியூயார்க்கில் உள்ள வக்கீல்களுக்கு விஷயம் எட்டி, அவர்கள் கூலி வாங்காமல் வாஷிங்டனுக்காக மனுப் போட்டு, கொலைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நிறுத்தி வைத்தார்கள்.

1993இல் டி.என்.ஏ. பரிசோதனை அவர் பேரில் பெரும் சந்தேகத்தைக் கிளப்பிற்று. 1994இல் கவர்னர் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 2000இல் மேலும் பரிசோதித்து, அந்தக் குற்றத்துக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார்கள். 2001இல் வெளியே வந்தார். 2007இல் வேறொருவன் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

அந்தக் கொலையைச் செய்யாத மனிதனை ஒன்பது நாள் இடைவெளியில் காப்பாற்றியது எது? கடவுள் என்று பக்தர்கள் சொல்லட்டும். அந்தக் கடவுள் 1984இல் எங்கே போயிருந்தார் என்று நாம் கேட்போம். சட்டம் என்று வக்கீல்மார் சொல்லட்டும். அதற்கும் பதில் இருக்கிறது. ஜியாரட்டானோ போட்ட அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1989இல், அந்த வழக்கில்தான், ஐவருக்கு நால்வராக நின்று, மரண தண்டனைக் கைதிக்கும் வக்கீல் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று! எந்த வழக்கின் மூலமாக நிரபராதி பிழைத்தானோ, அந்த வழக்கையே தள்ளிவிட்டார்கள்.

ஆட்சேபணைகள்

"ஜெயிலில் இருக்கிறவன் எல்லாம் தன்னை நிரபராதி என்றுதான் சொல்லுவான், ஆயிரக்கணக்கான வெற்று மனுக்களுக்கெல்லாம் வக்கீல் கொடுக்க முடியுமா?" என்பது ஒரு ஆட்சேபணை. ஜாக்ஸன் என்ற சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு 1953இலேயே, வைக்கோற்போரில் ஊசி தேடுகிறவன் கடைசியில் அந்த ஊசியே தேடத் தகுந்ததல்ல என்று எண்ணிவிடுவான் என்ற கருத்துப்படச் சொல்லி இருக்கிறார். நாமும் அதைத்தான் சொல்லுகிறோம். வைக்கோலைப் பிரிப்பதற்கு ஆள் வையுங்கள் என்கிறோம். கேசைப் படித்துப் பார்த்து, "அப்பா, இதில் சாரம் இல்லை" என்று கைதிக்கு எடுத்துச் சொல்லுகிற வேலையையும் நல்ல வக்கீல்தான் செய்ய முடியும். அப்போது வெற்று மனுக்கள் குறையும். உண்மை மனு மேலே வரும்.

"குற்றவாளிக்காக இவ்வளவு பரிவா?" என்பது இன்னொன்று. ரோஜர் கோல்மன் என்பவரின் வக்கீல்கள் மாகாணக் கோர்ட்டில் 3 நாள் தாமதமாக அப்பீல் போட்டார்கள். அதனால் மத்தியக் கோர்ட்டும் கேட்காது என்று 1991இல் தீர்ப்பாகி, 1992இல் அவரைக் கொன்றார்கள். அவர் நிரபராதி என்று பலர் நம்பினார்கள். 2006இல் செய்த டி.என்.ஏ. பரிசோதனையோ, குற்றம் செய்தவர் அவரே என்று காட்டிற்று. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உண்மையைக் கண்டு பயப்படுகிறவனுக்குப் பகுத்தறிவு எதற்கு? ஆனால் கோல்மன் பேரால் செய்த விதி கோல்மனோடு போகவில்லை. குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒன்றாகவே நிற்கிறது. இரண்டு பேரையும் பிரித்தறிவதற்குத்தானே விசாரணை? பிரித்தறியும் முன்பே, "இவன் குற்றவாளி, இவனுக்கு எதற்கு வக்கீல்" என்றால், அது விசாரணையா, ஜாதகமா?

"செலவாகுமே" என்பது மூன்றாவது. கைதியின் மனுவுக்குப் பதில் சொல்லும்படி கோர்ட்டு உத்தரவிட்டால் சர்க்கார் தரப்பில் சம்பள வக்கீல் வருகிறார். அந்தச் செலவு ஜனங்கள் கொடுத்த வரிதான். ஒரு பக்கம் பேசுவதற்கு வரிப்பணம் உண்டு, மறுபக்கம் பேசுவதற்கு இல்லை என்றால், தராசின் ஒரு தட்டை மாத்திரம் பிடித்து அழுத்துவதாகாதா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். வாண்டர்பில்ட் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மரண தண்டனை அல்லாத 2,384 ஹேபியஸ் கேசுகளைப் பார்த்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 92க்கும் மேற்பட்டவற்றில் கைதிக்கு வக்கீல் இல்லை. பலன் கிடைத்தது சுமார் 284 பேரில் ஒருவருக்கு. வக்கீல் சட்டப்படி கிடைக்கும் மரண தண்டனைக் கேசுகளிலோ சுமார் எட்டில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. இந்த வித்தியாசம் முழுவதும் வக்கீலால் வந்தது என்று நாம் சாதிக்க மாட்டோம். உயிர் போகும் கேசை ஜட்ஜுகள் அதிகக் கவனத்தோடு பார்க்கலாம். ஆனால் 284க்கும் 8க்கும் உள்ள தூரத்தில் வக்கீலுக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால், கிதியனின் இரண்டாவது விசாரணையை அவர் விளக்கட்டும்.

நாம் சொல்லுவது

எல்லாக் கைதிகளையும் திறந்துவிடு என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு கைதிக்கும் ஆயுள் முழுவதும் வக்கீல் வைத்துக்கொண்டே இரு என்றும் சொல்லவில்லை. அந்த 1 வருஷக் கெடு முடிவதற்குள், கேஸ் கட்டு முழுவதையும் சர்க்கார் தரப்புக்குக் கட்டுப்படாத ஒரு வக்கீல் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும் என்கிறோம். சாரம் இருந்தால் மனு எழுதட்டும். இல்லாவிட்டால் இல்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். வக்கீல் கேட்டு வரும் விண்ணப்பத்தைத் தள்ளுகிற ஜட்ஜும், "நியாயத்துக்கு அவசியமில்லை" என்று ஒரு வரியில் முடிக்காமல், ஏன் அவசியமில்லை என்று அந்தக் கைதிக்கு விளங்கும் பாஷையில் எழுதட்டும். இதற்கு மேல் நாம் கேட்கவில்லை. இதற்குக் குறைந்தால் சட்டத்தின் முன் சமம் என்ற பேச்சைச் சுவரிலிருந்து அழித்துவிடட்டும்.

தோழர்களே! வாஷிங்டன் என்ற அந்த மனிதர் கேட்டு வக்கீல் வரவில்லை. கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறைக் கைதி அவருக்காகக் கேட்டான். கேட்கத் தெரியாதவனுக்காகக் கேட்பதுதான் நமது இயக்கத்தின் வேலையும். இனி யாராவது உங்களிடம் வந்து, "கதவு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது" என்று சொன்னால், அது கோயில் கதவானாலும் சரி, பள்ளிக்கூடக் கதவானாலும் சரி, கோர்ட்டுக் கதவானாலும் சரி, "திறந்த கதவுக்குள் இதுவரை போனவர்கள் யார் யார், கணக்குக் காட்டு" என்று கேளுங்கள்.